துருவை மறைக்காதீர்கள், நிறுத்துங்கள்! பழைய வண்டிக்கு பெயின்ட் அடிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ மழை. மாவட்டத்தின் பல ஊர்களில் வயல் எது, சாலை எது என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர் நின்றது. வாசலில் நிறுத்தியிருந்த வண்டிகளும் அந்தத் தண்ணீரிலேயே நின்றன.

தண்ணீர் வடிந்ததும் நாம் முதலில் பார்ப்பது, இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறதா என்றுதான். ஸ்டார்ட் ஆகிவிட்டால் நிம்மதி. ஆனால், தகட்டு மடிப்புகளுக்குள் புகுந்த சேறு அங்கேயே தங்கிவிடும். ஓராண்டு, இரண்டாண்டு கழித்து மட்கார்டு ஓரத்தில், கதவின் அடியில், ஃபுட்போர்டு மூலையில் பெயின்ட் குமிழ் குமிழாக எழும்பும். விரலால் அழுத்தினால் உடையும். உள்ளே செம்மண் நிறத்தில் துரு கொட்டும்.

அப்போது நம்மில் பலர் எடுக்கும் முடிவு, 'ஒரு கோட் பெயின்ட் அடித்துவிடலாம்'. பெரும்பாலும் ஆயுத பூஜைக்கு முன்பு அடிப்போம். வண்டி புதிதுபோல மின்னும். அடுத்த சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். பொங்கலுக்குள் அதே இடத்தில் அதே குமிழ் மறுபடியும் எழும்பும். பெயின்டரையோ, பெயின்டையோ குறை சொல்வோம். உண்மையான காரணம், பெயின்டுக்கு அடியில் உயிரோடு விடப்பட்ட துரு.

செஞ்சி வட்டாரத்தில் தொண்டூர் போன்ற கிராமங்களில் வண்டி ஆடம்பரப் பொருள் அல்ல. நெல் மூட்டை, உர மூட்டை, பால் கேன், பள்ளிக்குப் போகும் பிள்ளை என எல்லாமே ஒரு மொபெட்டில்தான் போகும். பத்து, பதினைந்து ஆண்டு ஓடிய வண்டியை மாற்ற எல்லோருக்கும் வசதி இருக்காது. இருக்கும் வண்டியை இன்னும் சில ஆண்டுகள் உறுதியாக வைத்திருக்க வேண்டுமென்றால், செலவு செய்ய வேண்டிய இடம் பெயின்டுக்கு அடியில் இருக்கிறது.

துரு என்ன செய்கிறது?

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. பெயின்ட் என்பது இரும்பை மற்ற இரண்டிலிருந்தும் பிரித்து வைக்கும் ஒரு மெல்லிய தோல். கல் தெறித்து அந்தத் தோலில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் போதும், ஈரம் உள்ளே போய்விடும்.

துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயின்டை அடியிலிருந்து தள்ளிக் குமிழாக்குகிறது. துருவுக்கு நுண்துளைகளும் உண்டு. அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆகவே, துருவின் மீது பெயின்ட் அடிப்பது ஈரத் துணியின் மீது பிளாஸ்டிக் தாள் ஒட்டுவதற்குச் சமம். மேலே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

இதில் உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். உப்பில் உள்ள குளோரைடு, துருவை விரட்டி விரட்டி வளர்க்கும். செஞ்சியில் கடல் இல்லையே என்று நினைக்க வேண்டாம். வயலுக்குக் கொண்டுபோகும் பொட்டாஷ் உரம், பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஒருவகை உப்புதான். மூட்டையிலிருந்து கேரியரில் சிந்திய உரத்தூள், பனி ஈரத்தில் கரைந்து தகட்டைத் தின்னும். உரம் ஏற்றிய அன்றே வண்டியை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டால் பாதித் துரு வராது.

பாம்பன் சொல்லும் பாடம்

உப்புக் காற்றும் இரும்பும் மோதிக்கொள்ளும் இடத்துக்கு நம் மாநிலத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பாம்பன் பழைய ரயில் பாலம், நூறு ஆண்டுகளுக்கு மேல் கடல் நடுவே நின்றது. அதைக் காப்பாற்றியதில், துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் ஓயாத பராமரிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. கடைசியில் பாதுகாப்புக் கருதி 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதிய பாலம் திறக்கப்பட்டது. அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், கடல் காற்றைத் தாங்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் பயன்படுத்தப்பட்டிருக்கின்றன.

துருவை ஆராய்வதற்கென்றே நம் ஊரில் பெயர்பெற்ற நிறுவனமும் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் (சிக்ரி). வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம் இது. உலோக அரிப்பு அதன் முக்கியமான ஆய்வுத் துறைகளில் ஒன்று.

பாலமோ, மொபெட்டோ விதி ஒன்றுதான். துருவை முதலில் எடுக்க வேண்டும், உடனே மூட வேண்டும், பிறகும் கண்காணிக்க வேண்டும்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்தத் துரு?

வேலையைத் தொடங்கும் முன் ஒரு ஸ்க்ரூடிரைவரும் சின்னக் காந்தமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

*மேல்துரு:* பழுப்பு நிறக் கறை. உப்புத்தாளால் தேய்த்தால் பளபளப்பான தகடு வெளியே வரும். இதை வீட்டிலேயே சரிசெய்யலாம்.

*செதில் துரு:* தகடு குழி குழியாக இருக்கும். அடுக்கடுக்காகப் பெயரும். கொஞ்சம் உழைத்தால் காப்பாற்றலாம்.

*ஓட்டைத் துரு:* ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினால் தகடு அமுங்கும், அல்லது முனை உள்ளே போய்விடும். இதற்கு பெயின்டரிடம் தீர்வு கிடையாது. டிங்கரிங் பட்டறையில் கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும்.

காந்தம் எதற்கு? தகடு இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும். தடிமனாகப் பட்டி பூசி மறைத்த இடத்தில் சரியாக ஒட்டாது. பழைய வண்டி வாங்கப் போகும்போதும் இந்தச் சோதனை உதவும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டால் பெயின்டில் கீறல் விழாது. ஃபைபர், பிளாஸ்டிக் பாகங்களில் மட்டும் இந்தச் சோதனை செல்லாது.

எங்கே தேட வேண்டும்?

மொபெட்டிலும் பைக்கிலும் மட்கார்டின் உள்பக்கம், சீட்டுக்கு அடியில், பெட்ரோல் டேங்கின் கீழ் விளிம்பு, கேரியர் வெல்டிங் இணைப்புகள், ஸ்டாண்டு பொருந்தும் இடம். தகட்டு உடல் கொண்ட பழைய ஸ்கூட்டர்களில் ஃபுட்போர்டின் அடிப்பக்கமும், ரப்பர் பட்டைக்குக் கீழும்.

கார்களில் கதவின் அடி விளிம்பு முக்கியம். அங்கே தண்ணீர் வெளியேறச் சின்னத் துளைகள் இருக்கும். தூசு அடைத்துக்கொண்டால் கதவே தண்ணீர்த் தொட்டியாகிவிடும். ஒரு குச்சியால் குத்திவிட்டாலே போதும். கால் மிதிக்கும் மேட்டைத் தூக்கிப் பாருங்கள், ஸ்டெப்னி வைக்கும் குழியையும் பாருங்கள். பேட்டரி வைக்கும் தட்டில் ஆசிட் கசிந்து அரித்திருந்தால், பேட்டரியை எடுத்துவிட்டு, ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும்.

வேலையின் வரிசை

பெயின்ட் வேலையில் பாதித் தவறுகள் வரிசை மாறுவதால் வருபவை.

1. முதலில் கழுவுங்கள். சேறும் உரமும் போக, சோப்புத் தண்ணீரில் கழுவி முழுவதும் காயவிடுங்கள்.

2. எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். தேய்க்கும் முன்பே தின்னர் நனைத்த சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். பிசுக்கோடு தேய்த்தால் கிரீஸ் கீறல்களுக்குள் இறங்கிவிடும், பிரைமர் பிடிக்காது.

3. துருவைச் சுரண்டுங்கள். எழும்பிய பெயின்டையும் செதிலையும் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, 80-ம் நம்பர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் துருவோடு நிறுத்தக் கூடாது. சுற்றிலும் ஓர் அங்குலமாவது நல்ல பெயின்டையும் எடுத்துப் பாருங்கள். துரு பெயின்டுக்கு அடியில் வேர்போலப் பரவியிருக்கும்.

4. விளிம்பைச் சமப்படுத்துங்கள். 180, பிறகு 320 நம்பர் தாளால் பழைய பெயின்டின் ஓரத்தைச் சரிவாகத் தேயுங்கள். கண்ணை மூடி விரலால் தடவினால் படி தட்டக் கூடாது. படி இருந்தால், எத்தனை கோட் அடித்தாலும் அது தெரியும்.

5. குழிக்குள் மிஞ்சிய துருவுக்கு கன்வர்ட்டர். பெயின்ட் கடையில் 'ரஸ்ட் கன்வர்ட்டர்' என்று கேட்டால் கிடைக்கும். இதைப் பற்றிக் கீழே விரிவாக.

6. உடனே பிரைமர். பளபளப்பாகத் தேய்த்த தகட்டை இரவு முழுக்கத் திறந்தபடி விட்டால், காலையில் மெல்லிய துரு படிந்திருக்கும். தேய்த்த அன்றே பிரைமர் அடிக்க முடியும் என்றால் மட்டும் தேய்க்கத் தொடங்குங்கள். தேய்த்த இடத்தை வெறும் கையால் தொட வேண்டாம், வியர்வையிலும் உப்பு உண்டு.

7. பட்டி, பிரைமருக்கு மேலே. பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். எபாக்சி பிரைமர் அடித்து, அதை லேசாகத் தேய்த்து, அதன் மேல் பட்டி பூசினால் ஈரம் தகட்டைத் தொடாது. பட்டி, சின்னப் பள்ளத்தை நிரப்பத்தான். ஓட்டையை அடைக்க அல்ல.

8. மறுபடி பிரைமர், பிறகு வாட்டர் பேப்பர், பிறகு பெயின்ட். தண்ணீர் விட்டுத் தேய்ப்பதை இந்தக் கட்டத்தில் மட்டும் செய்யுங்கள். வெறும் தகட்டில் தண்ணீர் படக் கூடாது. சிவப்பு நிற ரெட் ஆக்சைடு பிரைமரும் நுண்துளைகள் உள்ளதுதான். பிரைமரோடு நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் வண்டியை ஓட்டினால் ஈரம் இறங்கிவிடும்.

பிரைமர், பட்டி, பெயின்ட் மூன்றும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போக வேண்டும். சாதாரண எனாமல் மீது வீரியமான தின்னர் கலந்த பெயின்ட் அடித்தால், கீழ்க் கோட் சுருங்கி முகம் சுளிக்கும். முடிந்தவரை ஒரே கம்பெனியின் ஒரே வகையை வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் கண்ணில் படாத மூலையில் முதலில் அடித்துப் பாருங்கள்.

கடுக்காயும் டெல்லித் தூணும்

கன்வர்ட்டர் என்றதும் புதிய சமாசாரம் என்று நினைக்கலாம். அதன் அறிவியல் நம் பாட்டன் காலத்துக்குத் தெரிந்ததுதான்.

கடுக்காய்ச் சாற்றில் டானின் என்ற பொருள் நிறைய உண்டு. அது இரும்போடு சேர்ந்தால் கன்னங்கரேல் என்று மாறும். அந்தக் காலத்தில் எழுத்து மை செய்ததும், கலம்காரித் துணியில் கறுப்பு வண்ணம் கொண்டுவந்ததும் இந்த வழியில்தான். டானிக் ஆசிட் கலந்த கன்வர்ட்டரும் அதையே செய்கிறது. பழுப்புத் துருவோடு வினைபுரிந்து, எளிதில் கரையாத கருநீலப் படலமாக மாற்றுகிறது.

இன்னொரு வகை, பாஸ்போரிக் ஆசிட் கலந்தது. இது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். சுமார் 1,600 ஆண்டுகளாக வெயிலையும் மழையையும் தாங்கி, இன்று டெல்லி குதுப் வளாகத்தில் நிற்கும் இரும்புத் தூணை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேற்பரப்பில் உருவான பாஸ்பேட் படலமே தூணைக் காக்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி பேராசிரியர் ஆர்.பாலசுப்ரமணியம் தன் ஆய்வில் விளக்கினார்.

ஆனால், கன்வர்ட்டர் மந்திரம் அல்ல. தடித்த செதில் மீது பூசினால் மேல்தோலை மட்டும் மாற்றும், அடியில் துரு தொடரும். துருவே இல்லாத பளபளப்பான தகட்டில் பூசுவதாலும் பயன் இல்லை. பூசிய பிறகு கழுவ வேண்டுமா, எத்தனை மணி நேரம் காயவிட வேண்டும் என்பது வகைக்கு வகை மாறும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துச் செய்யுங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

*பாத்ரூம் ஆசிட்:* துரு நொடியில் கரைவது உண்மை. ஆனால், பெரும்பாலும் அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். மடிப்புகளில் தங்கும் குளோரைடு அடுத்த துருவுக்கு விதை போடும். புகையும் நுரையீரலுக்கு ஆபத்து.

*எலுமிச்சையும் உப்பும்:* மொபைலில் சுற்றும் இந்த யோசனை பித்தளைச் சொம்புக்குச் சரி. வண்டித் தகட்டில் உப்பைத் தேய்ப்பது துருவுக்கு விருந்து வைப்பது.

*வேஸ்ட் ஆயில்:* வண்டியின் அடிப்பாகத்தில் பழைய இன்ஜின் ஆயிலைப் பூசும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது ரப்பர் பாகங்களை ஊதிக் கெடுக்கும், புழுதியை ஒட்டவைக்கும், மண்ணையும் பாழாக்கும். பிற்பாடு பிரைமரும் பிடிக்காது.

*பெட்ரோல் டேங்கில் நெருப்பு வேலை:* டேங்க் காலியாக இருந்தாலும் உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும். அது வெடிக்கும். டேங்கில் வெல்டிங், கிரைண்டிங் எதையும் வீட்டில் செய்யவே கூடாது.

தரை, சேஸிஸ்... இங்கே விளையாட்டு வேண்டாம்

மட்கார்டில் ஓட்டை விழுந்தால் சேறு தெறிக்கும். தரையில் ஓட்டை விழுந்தால்?

2012 ஜூலையில் சென்னை தாம்பரம் அருகே, ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து உயிரிழந்தாள். தமிழகமே பதறியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளை அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது.

ஆட்டோ, வேன், பள்ளி வண்டி, சொந்தக் கார் எதுவானாலும் இதை மறக்கக் கூடாது. தரைத்தகடு, சேஸிஸ், சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், சீட் பெல்ட் போல்ட் மாட்டும் இடம், பைக்கின் ஃபிரேம், ஸ்விங் ஆர்ம் ஆகியவற்றில் ஆழமான துரு தெரிந்தால், அது பெயின்ட் வேலையே அல்ல. எஃப்.சி-க்காக ஒரு தகரத்தை வைத்து மறைத்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடிப்பது ஆளை ஏமாற்றலாம், பள்ளத்தில் இறங்கும் சக்கரத்தை ஏமாற்றாது. நல்ல மெக்கானிக்கிடம் காட்டி, 'இதைச் சரிசெய்ய முடியுமா, இல்லை வண்டியை நிறுத்த வேண்டுமா?' என்று நேராகக் கேளுங்கள்.

எப்போது அடிப்பது?

இந்த வட்டாரத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈரக் காற்று. அப்போது பெயின்ட் அடித்தால் ஈரமும் சேர்ந்து பூட்டப்படும். எனாமல் வெளுத்துப் பூத்துப்போகவும் வாய்ப்பு உண்டு. தை, மாசியில் விடியற்காலைப் பனி விலகி, தகடு முழுக்க உலர்ந்த பிறகு, காலை பத்து மணி வாக்கில் தொடங்கலாம். சித்திரை வெயிலில் கை வைக்க முடியாத அளவு தகடு சுட்டால், நிழலில் வைத்து ஆறவிட்டு அடியுங்கள். ஆயுத பூஜைக்குள் வண்டி தயாராக வேண்டுமென்றால், துரு வேலையை ஆடி மாதமே தொடங்குவது நல்லது.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதனால் தேய்க்கும்போது மாஸ்க்கும் கண்ணாடியும் கட்டாயம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் இருக்க வேண்டாம். தூசை விளக்குமாறால் கிளப்பாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். ஹார்டனர் கலந்து ஸ்பிரே செய்யும் பெயின்டை வீட்டு வராந்தாவில் அடிக்காதீர்கள். அதன் புகை ஆஸ்துமாவைக் கொண்டுவரும், சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. அதைப் பட்டறைக்கு விட்டுவிடலாம்.

பட்டறையில் விடும்போது...

'மொத்தம் எவ்வளவு?' என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். துருவை எந்த அளவுக்கு எடுப்பீர்கள், என்ன பிரைமர் அடிப்பீர்கள், ஓட்டைக்குத் தகடு வைப்பீர்களா பட்டி வைப்பீர்களா என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். தேய்த்து முடித்து பிரைமர் அடிக்கும் முன், ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவையுங்கள். வர முடியாவிட்டால் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பணம் எங்கே போகிறது என்பது அந்த ஒரு போட்டோவில் தெரிந்துவிடும்.

ஆர்.சி-யில் வண்டியின் நிறமும் பதிவாகியிருக்கும். நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் பதிவையும் மாற்ற வேண்டும். சொந்த வாகனங்களுக்கு 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்கும்போது சேஸிஸ் நம்பரைப் பார்ப்பார்கள். அந்த எண்கள் உள்ள இடத்தில் கிரைண்டர் படவே கூடாது, பட்டியும் பூசக் கூடாது. துருப்பிடித்திருந்தால் மெதுவாகத் துடைத்து, மெல்லிய கோட் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள்.

பெயின்ட் முடிந்த பிறகும் ஒரு சின்ன வேலை பாக்கி. மிஞ்சிய பெயின்டை ஒரு சிறு பாட்டிலில் இறுக மூடி வீட்டில் வையுங்கள். கல் தெறித்துப் புள்ளி விழுந்த அன்றே துடைத்து, காயவிட்டு, தீக்குச்சி முனையால் ஒரு சொட்டு வைத்துவிட்டால், அந்த இடத்தில் துரு தொடங்கவே தொடங்காது. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் மட்கார்டின் உள்பக்கத்தைக் கழுவி, கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். சொரசொரவென்று தட்டுப்பட்டால், அப்போதே உப்புத்தாளை எடுக்க வேண்டியதுதான். அரை மணி நேர வேலை. விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு டிங்கரிங் செலவு.